பூந்தமல்லிக்குப் போன இரண்டு துப்பாக்கிகள்

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்து ஆளாக்கியது பதினோரு பேர். ஏழு என் வயிற்றில் பிறந்தது, நாலு என் ஓரகத்தி வெள்ளத்தாய் பெற்றது. அவள் பெற்றுப் போட்டாள், நான் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினேன். இதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் ஒத்துக்கொள்ளாததால் நடந்தது நடக்காமல் போய்விடாது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன், அவசரப்படுத்தினால் எழுத மாட்டேன். காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள், சிங்கப்பூர் போனவர்கள் எழுதுகிறார்கள். நான் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி போய் வந்தேன். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் இருக்கிற எங்களுக்கு அதுவும் சீமைதான். அங்கே பாஷை வேறு, தண்ணீர் வேறு, இட்டிலி வேறு.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் காளியம்மன் கொடையில் சாமி புறப்படும்போது முதல் வெடி எங்கள் மாமனாருடைய துப்பாக்கி வெடிதான். குழாய் வழியாக மருந்து இட்டுக் கெட்டித்து, கேப்பு வைத்து அடிக்கிற பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. சிறுத்தை ஒன்றைத் தனியாளாக அடித்ததற்கு ஒரு வெள்ளைக்காரத் துரை தன் கையால் மாமனாருக்குக் கொடுத்தது என்பது வரலாறு. இரும்பில் காக்காய்க்கால் இரண்டு எதிரெதிராக முத்திரை குத்தியிருக்குமாம். அது துரை போட்ட மரியாதை முத்திரை என்று மாமனார் சொல்வார். நாங்கள் கேட்டு வளர்ந்தோம். பார்த்ததில்லை. துப்பாக்கியைப் பெண்கள் தொடக்கூடாது, சரஸ்வதி பூசைக்கு விளக்கி வைப்பதற்கு மட்டும் தொடலாம்.

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன்பே பாகம் பிரித்தார். இரண்டு மகன்களுக்கும் குண்டுமணி அளவும் கூடக் குறையப் போகக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஆட்டுக்கல் வெள்ளத்தாய்க்கு, குழவி எனக்கு. வண்டிச் சக்கரம் ஆளுக்கொன்று. அண்டா ஒரு வீட்டுக்கு, மூடி ஒரு வீட்டுக்கு. இரண்டு வீடும் சண்டை போடாமல் சேர்ந்து மாவாட்டும் என்று நினைத்திருப்பார். எட்டு வருசத்துக்கு முன் எனக்கும் வெள்ளத்தாய்க்கும் பேச்சு நின்றது. அன்றைக்கு நான் ஒரு ஆட்டுக்கல் வாங்கினேன், அவள் ஒரு குழவி வாங்கினாள்.

ஆனால் துப்பாக்கி மட்டும் இரண்டு வீட்டிலும் முழுசாக இருந்தது. எங்களுடையதுதான் மாமனாருடைய அசல், அவர்களுடையது ஆசாரி அடித்த நகல் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். என் கொழுந்தனார் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்வார். போன கொடையில் இரண்டு வீட்டுக்காரர்களும் முதல் வெடி தங்களுடையது என்று முண்டியதில் சாமி சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பூசாரிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். விவரம் தெரிந்த ஆள் ஒருவர் பார்த்து எது அசல் என்று சொல்ல வேண்டும், அடுத்த கொடையில் அந்த வீடு முதல் வெடி போடும். சொல்லாவிட்டால் இரண்டு துப்பாக்கியும் வேண்டாம், சிவகாசி வெடி வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு. காளியம்மனுக்குக் காகித வெடியா? எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆண்களை அனுப்பினால் வழியிலேயே கொலை விழும் என்று ஊரார் பயந்தார்கள். அதுவும் போக, இரண்டு ஆண்கள் பேரிலும் அடிதடி வழக்கு இருந்ததால் லைசென்ஸ் எங்கள் பேரில்தான் இருந்தது. ஆகவே நானும் வெள்ளத்தாயும் லைசென்ஸ் புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டு, போலீஸ் டேசன் கடுதாசியும் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு துப்பாக்கியைப் பாயில் சுருட்டி ரயில் ஏறினோம். பட்டாபிராமில் பட்டாளத்து ஆயுதக் கிட்டங்கி இருக்கிறது, அங்கே கேட்டால் தெரியும் என்று ஊரில் ஒரு பழைய சிப்பாய் சொல்லியிருந்தார்.

எதிரெதிர்ப் பலகையில் உட்கார்ந்தோம். பேச்சில்லை என்றால் வாய் மூடியிருந்தோம் என்று நினைக்க வேண்டாம். பேச்சில்லாதவர்கள் பேசுவதற்கு எங்கள் பக்கம் வழி இருக்கிறது. நான் கூடையைப் பார்த்துச் சொன்னேன், "சன்னலோரம் இல்லைன்னா சில பேருக்கு ரயிலே ஓடாது."

அவள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துச் சொன்னாள், "எங்க அப்பன் வீட்டுல சன்னல் இருந்துச்சு. இல்லாத வீட்டுல பிறந்தவுகளுக்குப் பொறாமை இருக்கத்தான் செய்யும்."

விழுப்புரம் வரை கூடையும் செம்பும் பேசிக்கொண்டே போயின.

மறுநாள் காலையில் மதராஸில் இறங்கி, வேறொரு கரி ரயில் பிடித்து அம்பத்தூர் போனோம். அங்கே என் மூன்றாவது மகள் செல்லம் இருக்கிறாள். மருமகனுக்குத் தொழிற்பேட்டையில் வேலை. அந்த ரயிலில் கூட்டம் எப்படி என்றால், எங்கள் ஊரில் புளிப் பானையில் புளி அடைப்பார்களே, அப்படி. என் மஞ்சள் சேலையில் கரிப்பொட்டு விழுந்து விழுந்து கருமணிச் சேலையாகிவிட்டது. பூக்கூடைக்காரி ஒருத்தி என் பாயைக் குத்திப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா ஆயா, பாய்ல இன்னா சுத்தினு கீறே? கொயந்தையா?"

பாயில் என்ன சுற்றி வைத்திருக்கிறாய், குழந்தையா என்று அர்த்தம். இது எனக்குப் புரிய இரண்டு ஸ்டேஷன் ஆனது. "உலக்கை" என்றேன்.

"ஒலக்கைக்கு பாய் சுத்தி கூட்டினு வந்துகீது பாரு! கண்ணாலமா அதுக்கு?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. வெள்ளத்தாயும் சிரித்தாள். அவள் பாயிலும் உலக்கைதான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள்.

செல்லம் வீடு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஓரகத்திக்கு அந்தப் பக்கம் வேறு போக்கிடம் கிடையாது, சித்தியை வெளியே நிறுத்துவதற்கு என் மகளுக்கு மனசு வராது. அறைக்கு நடுவில் துணிக் கொடி கட்டி, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். செல்லம் கொடிக்கு அடியில் குனிந்து குனிந்து இரண்டு பக்கமும் சேதி சொன்னாள்.

காலையில் கடையிலிருந்து இட்டிலியும் வடகறியும் வாங்கி வந்தார் மருமகன். முந்தின நாள் வடையை உதிர்த்து மறுநாள் குழம்பில் போட்டால் அது வடகறி. எங்கள் ஊரில் மீந்ததை மாட்டுக்குப் போடுவோம். இங்கே பேர் வைத்து விற்கிறார்கள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நாலு இட்டிலிக்கு நான் போட்டுக்கொண்ட வடகறி பத்து இட்டிலிக்கு ஆகும். காப்பியில்தான் சீனியைக் கொட்டிவிடுகிறார்கள். கருப்பட்டி என்று கேட்டால் ஏதோ நாட்டு மருந்து கேட்டதுபோலப் பார்க்கிறார்கள்.

அன்றைக்கே பட்டாபிராம் போனோம். ஆவடி தாண்டும்போது பூமி அதிர்ந்தது. டாங்கி ஓட்டிப் பார்க்கிறார்கள் என்றாள் செல்லம். பட்டாபிராமில் இறங்கினால் பட்டாளத்துக்குத் தனியாக ரயில் தண்டவாளம் போகிறது. அதன் மேலேயே நடந்து, முள்வேலி போட்ட ஒரு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். செல்லம் பின்னால் செருப்பு வார் அறுந்து நின்றுவிட்டாள். காவலுக்கு நின்ற சிப்பாய் வடக்கத்திப் பிள்ளை. நான் நேராக அவனிடம் போய், "தம்பி, துப்பாக்கி கொண்டாந்திருக்கோம். உள்ள பெரியவுக ஆராவது இருக்காகளா?" என்று கேட்டேன். கேட்டதோடு நின்றிருக்கலாம். பாயையும் பிரித்துக் காட்டினேன்.

அவன் ஊதிய விசில் வேப்பம்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவன் கத்தியது இந்தி. எனக்கு இந்தி வராது, ஆனால் துப்பாக்கியை நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டு சொன்னால் எந்தப் பாஷையும் புரியும். அசையாதே என்கிறான். நாங்கள் அசையவில்லை. வெள்ளத்தாய் கண்ணை மூடிக் காளியம்மனைக் கூப்பிட்டாள். நான் கூப்பிடவில்லை. அம்மன் ஒருத்திதான், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தொந்தரவு பண்ணக்கூடாது.

உள்ளேயிருந்து அவில்தார் ஓடி வந்தார். வேலூர்ப் பக்கத்துத் தமிழர். லைசென்ஸையும் போலீஸ் கடுதாசியையும் பார்த்தார், துப்பாக்கிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆயா, இது எங்க தாத்தாவோட தாத்தா காலத்துது. இத வச்சிக்கினு எங்கள அடிக்க வந்தீங்களா?"

வந்த சங்கதியைச் சொன்னேன். இங்கே இப்போதைய துப்பாக்கிதான் பார்ப்போம், பழையது பார்க்க எங்களுக்கு உத்தரவு இல்லை என்றார். "பூந்தமல்லில துப்பாக்கி நாயக்கர்னு ஒருத்தர் கீறாரு. பட்டாளம் கழிச்சிப் போட்ட பழைய துப்பாக்கிங்கள வாங்கி வாங்கி சேக்கறாரு. பைத்தியம். ஆனா அவர் சொன்னா சொன்னதுதான்." விசில் ஊதின பிள்ளையையே அனுப்பி எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை டம்ளரை நீட்டும்போது "மாதாஜி" என்றான். அம்மா என்று அர்த்தமாம். இப்போது சொல்லி என்ன, பாவி, உயிரைப் பாதி எடுத்துவிட்டாயே.

அடுத்த நாள் பூந்தமல்லி. பஸ்ஸில் கண்டக்டர் பாய் இரண்டையும் பார்த்து லக்கேஜ் போடணும் என்றான். முந்தின நாள் பட்ட பாட்டில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன், இனிமேல் யாரிடமும் உலக்கை என்று பொய் சொல்வதில்லை. "துப்பாக்கி" என்றேன் சத்தமாக. கண்டக்டர் சிரித்தான். "அப்போ நான் மிலிட்ரி ஜெனரலு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

பூந்தமல்லிக்குக் கொஞ்சம் முன்னால், வயல்வெளியில், பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்தில் ஒருவன் "ஆயா சுட்டுட்சி டோய்!" என்று கத்தினான். அவ்வளவுதான். வாசல் வழியாகப் பாதி, சன்னல் வழியாகப் பாதி. டிரைவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஜெனரல் பையைப் போட்டுவிட்டுக் கரும்புக் கொல்லைக்குள் ஓடினான். வண்டியில் மிச்சம் நானும் வெள்ளத்தாயும் செல்லமும் ஒரு கோழியும்.

வெள்ளத்தாய் கோழியைப் பார்த்துச் சொன்னாள், "துப்பாக்கின்னு தண்டோராப் போட்டவுகளே டயரையும் மாட்டட்டும்."

மிச்ச வழி நடந்தோம். பூந்தமல்லி எங்கும் லாரியும் தூசியும், நடுவில் நடுவில் மல்லிகைப்பூ வாசனையும். எங்கள் ஊர்ப் பூவுக்கு இவ்வளவு மணம் கிடையாது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை.

நாயக்கர் லாரிப் பட்டறை வைத்திருக்கிற பெரிய மனிதர். மீசைக்குத் தனியாக ஒரு ஆள் வேலை செய்ய வேண்டும், அத்தனை பெரிசு. வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கத் துப்பாக்கி, எல்லாவற்றையும் கோத்து ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு. சாமி படம் மாட்டக்கூட இடமில்லாமல் லட்சுமி ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தாள்.

"வா ஆயா, குந்து. ரெண்டு பேரும் ஒரே ஊடா? மூஞ்சிய ஆளுக்கொரு பக்கமா வச்சினு கீறீங்களே."

செல்லம் விவரம் சொன்னாள். நாயக்கர் தரையில் லாரித் தார்ப்பாயை விரித்து, இரண்டு துப்பாக்கியையும் படுக்க வைத்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தடவினார். மோந்து பார்த்தார். நாக்கால் நக்கியும் பார்த்தார். சும்மா இல்லை, பெருமையாகச் சொல்லிக்கொண்டே செய்தார்.

"பழைய துப்பாக்கி வாங்கறவன் பளபளப்பப் பாக்க மாட்டான் ஆயா. எவன் கையும் படாம, பட்டாளத்துல இருந்து வந்தது வந்தாப்பல கீதா, அதான் கேள்வி. திருகு தலையப் பாரு. கீறல் கீதுன்னா எவனோ தொறந்துகீறான். இரும்புல ஒரு நம்பர் குத்திருப்பான், கட்டைக்கு உள்ளார அதே நம்பர் குத்திருப்பான். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அசலு."

உள்ளேயிருந்து அவர் மனைவி மோர் கொண்டு வந்தார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு பொருத்தம் பாக்கல இந்த மனுசன். கட்டைக்கும் இரும்புக்கும் பாக்குது" என்று சொல்லி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த அம்மாளை ரொம்பப் பிடித்தது.

நாயக்கர் என்னுடைய துப்பாக்கியின் குழாயை மூக்கருகே கொண்டுபோனார். "புளி வாசனை வருதே?"

"வராம? வருசா வருசம் சரஸ்வதி பூசைக்குப் புளியும் செங்கல் பொடியும் போட்டு என் கையால விளக்குவேன். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்" என்றேன். இந்த இடத்தில் வெள்ளத்தாய் தலையைக் குனிந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வீட்டு இரும்பு பழுப்பேறி, எருமை முதுகு மாதிரி இருக்கும்.

நாயக்கர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ! பழைய இரும்ப வெளக்கறதும் பெத்த புள்ளைய தோல் உரிக்கறதும் ஒண்ணு ஆயா. முத்திர கித்திர இருந்தா எல்லாம் பூட்சி!" பிறகு வெள்ளத்தாயின் துப்பாக்கியைப் பார்த்து, "இத்த யாரு இவ்ளோ அயகா வச்சிருந்தது?" என்றார்.

"நான் ஒண்ணுமே செய்யலையே. பரண்ல கிடந்துச்சு" என்றாள் வெள்ளத்தாய்.

"அதான்மா செய்யணும்! ஒண்ணுமே செய்யக்கூடாது!"

அவள் மூலையில் ஒதுங்கியிருந்த லட்சுமியைப் பார்த்துச் சொன்னாள், "சோம்பேறி, சோம்பேறின்னு சொன்னவுகளுக்குக் காதுல விழட்டும் தாயே." அந்த நிமிசம் எனக்கு உள்ளே என்ன பண்ணியது என்று எழுதினால் தாள் கருகிவிடும். முதல் வெடி போய்விட்டது என்றே நினைத்தேன். ஊருக்குள் எந்த முகத்தோடு போவேன்?

நாயக்கர் திருகு கழற்றினார், வளையங்களை உருவினார், இரண்டு துப்பாக்கியையும் பிரித்துப் போட்டார். இப்போது தார்ப்பாயில் இரண்டு இரும்பு, இரண்டு கட்டை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.  மறுபடி பார்த்தார். பிறகு மீசையைத் தடவினார்.

"பெரியாயா, உன் இரும்பு உள்ளூர் கொல்லன் அடிச்சது. வெளக்கினதால நஷ்டம் ஒண்ணுமில்ல."

வெள்ளத்தாய் நிமிர்ந்தாள்.

"சின்னாயா, உன் கட்டை வாக மரம். பட்டாளத்துக்காரன் வாக மரத்துல செய்ய மாட்டான். ஆசாரி வேல."

நான் நிமிர்ந்தேன்.

"ஆனா பெரியாயா கட்டை அசலு. சின்னாயா இரும்பு அசலு. இத்துல குத்தின நம்பரும் அத்துல குத்தின நம்பரும் ஒண்ணு. ரெண்டும் ஒரே துப்பாக்கிமா! எந்தப் புண்ணியவானோ ரெண்டா பிச்சிகீறான்."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆட்டுக்கல். அப்புறம் அண்டா. அப்புறம் வண்டிச் சக்கரம். வெள்ளத்தாயின் முகத்தைப் பார்த்தேன், அவளும் அதே ஆட்டுக்கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் கட்டையை மூத்தவனுக்கும் இரும்பைச் சின்னவனுக்கும் கொடுத்திருக்கிறார். மிச்சப் பாதியை ஆசாரியையும் கொல்லனையும் வைத்து நிரப்பி, ஒவ்வொரு மகனையும் தனியாகக் கூப்பிட்டு, உன்னுடையதுதான் அசல் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரையும் ஏமாற்றியதிலும் குண்டுமணி அளவு கூடக் குறைய இல்லை.

இதோடு நாயக்கர் நிறுத்தியிருக்கலாம். இரும்பில் ஓரிடத்தைத் தேய்த்துக் காட்டினார். காக்காய்க்கால் இரண்டு, எதிரெதிராக. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வெள்ளத்தாயும் கும்பிட்டாள். துரை போட்ட மரியாதை முத்திரை என்று செல்லம் சொன்னாள்.

நாயக்கர் சிரித்தார். "மரியாதியா? ஒரு காக்கா காலு இருந்தா சர்க்கார் சொத்து. எதிர்ல இன்னொண்ணு குத்தினா, இனிமே வாணாம்னு கழிச்சி வித்தாச்சுன்னு அர்த்தம். தொர குடுத்தாரு, சிறுத்தை அடிச்சாருன்றதெல்லாம் சும்மா கதை. ஏலத்துல கட்டு கட்டா தள்ளினதுல ஒண்ண உங்க மாமனாரு புட்சிகினு வந்துகீறாரு."

"என்ன சொன்னீரு?" என்றேன் நான். "எங்க மாமா பொய் சொன்னாகன்னா சொல்லுதீரு?"

"ஏலத்துல எடுக்க எங்க மாமா என்ன பழைய இரும்பு யாவாரியா?" என்றாள் வெள்ளத்தாய்.

"சிறுத்தையோட நகம் எங்க வீட்டுல இருக்கு!"

"பல்லு எங்க வீட்டுல இருக்கு!"

"மீசை இருந்தா என்ன வேணும்னாலும் பேசலாமா? கேட்டியாடி வெள்ளத்தாயி இவுக பேச்சை?"

"நல்லாக் கேட்டேன்க்கா! நீங்க அந்த மோரைக் குடிக்காதீக, கீழ வையுங்க!"

மோரைக் கீழே வைத்தேன். அப்புறம்தான் செல்லத்தைக் கவனித்தேன். வாயில் கை வைத்திருந்தாள். வெள்ளத்தாய் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எட்டு வருசம். யார் முதலில் பேசியது என்ற கேள்வி அப்போதே அவள் கண்ணில் ஓடியது. நான் சொன்னது நாயக்கரைத் திட்டிய திட்டு. அதில் நடுவே ஒரு பேர் வந்தது, அவ்வளவுதான். பதில் சொன்னது அவள். அக்கா என்று சொன்னதும் அவள்.

நாயக்கர் பயந்து போய், "கோச்சிகாதீங்கமா, சிறுத்தை அடிச்சாரு, அடிச்சாரு" என்று சமாதானம் பண்ணினார். பிறகு என் கட்டையில் வெள்ளத்தாயின் இரும்பை இறக்கினார். வளையங்களைப் பூட்டினார். பொருந்தியது எப்படி என்றால், உறையில் கத்தி போய் உட்கார்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். தூக்கி நிறுத்தினார். அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது துப்பாக்கியே இல்லை. இதுதான் துப்பாக்கி. பழுப்பு இரும்பும் கருத்த கட்டையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"எனக்கே குட்துடு ஆயா. கேட்ட வெல. சேந்து இருந்தா ராஜா. பிரிஞ்சா கட்டை அடுப்புக்கு, இரும்பு பேரீச்சம்பழத்துக்கு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"காளியம்மன் சொத்து, விக்கிறதுக்கில்ல" என்றோம். இதையும் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். பழகிவிட்டது.

வெள்ளத்தாய் முந்தானையை முறுக்கினாள். பிறகு சொன்னாள், "அக்கா, நீங்க மூத்தவுக. முழுசா நீங்களே எடுத்துட்டுப் போங்க. முதல் வெடி உங்க வீடு போடட்டும். நான் அந்த ரெண்டு நகலையும் சேர்த்து வச்சுக்கிடுதேன்."

என் கை நீண்டுவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, விரல் கட்டையில் பட்டுவிட்டது. அப்புறம் யோசித்தேன். நான் முழு அசலையும் தூக்கிக்கொண்டு போனால், அவள் வீட்டில் மாமனாருடைய பொய் மட்டும்தான் மிஞ்சும். ஒரு வீட்டில் மெய் முழுசும், ஒரு வீட்டில் பொய் முழுசும். குண்டுமணி பார்த்துப் பிரித்த மனிதர் சுடுகாட்டில் எழுந்து உட்காருவார். அதுவும் போக, இவள் கொடுத்து நான் வாங்குவதா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளே.

"பழையபடியே பூட்டிக் குடும்" என்றேன் நாயக்கரிடம்.

"இன்னாது?"

"அவ இரும்பை அவ கட்டையில போடும். என் இரும்பை என் கட்டையில போடும்."

"ஆயா! அசல எவனாச்சும் தெரிஞ்சே போலியாக்குவானா? இத்தினி வருசத்துல நான் போலிய அசல்னு சொல்றவனப் பாத்துகீறேன். அசலா கீறத பிச்சி போலியாக்க சொன்னவங்க நீங்கதான்!" அவர் திருப்புளியைத் தொட மாட்டேன் என்று போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி வந்து, "எந்திரி. அவங்க ஊட்டு துப்பாக்கி, அவங்க இஷ்டம்" என்று ஒரு அதட்டுப் போட்ட பிறகுதான் எழுந்தார். பிரிக்கும்போது அந்த மீசை நடுங்கியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கொல்லன் குழாயில் வெறும் மருந்துதான் போடலாம், ரவைக் குண்டு போட்டால் முகம் போய்விடும் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

செல்லம் வீட்டில் அன்றைக்குத் துணிக் கொடியை அவிழ்த்துவிட்டோம். ஊருக்குத் திரும்பும் ரயிலில் நானும் வெள்ளத்தாயும் பேசினோம். எட்டு வருசத்துச் சரக்கு இருக்கிறதே. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திண்டிவனத்தில் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார். சன்னலோரத்தை நான் அவளுக்குக் கொடுத்தேன். கொடுத்ததை மட்டும் சொல்கிறேன், அதற்கு அவள் இன்னும் நன்றி சொல்லவில்லை.

காக்காய்க்கால் விசயத்தை ஊரில் மூச்சுவிடக்கூடாது என்று விருத்தாசலம் வருவதற்குள் முடிவாகிவிட்டது. ஊர்க் கூட்டத்தில் கேட்டார்கள், எது அசல்? "ரெண்டுலயும் அசல் இருக்குன்னு பூந்தமல்லி நாயக்கர் சொல்லிட்டாரு" என்றேன். இது பொய்யில்லை, வேண்டுமானால் அவரையே கேட்கலாம். ஆண்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் இரண்டு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடிக்கட்டும், முதல் வெடி இரண்டு வீட்டுக்கும் என்று ஊரார் சொன்னார்கள்.

கொடை வந்தது. சாமி புறப்பட்டது. என் மகன் ஒரு பக்கம், அவள் மகன் ஒரு பக்கம், துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினார்கள். பூசாரி கையசைத்தார். இரண்டு துப்பாக்கிக் குதிரையும் கேப்பின் மேல் விழுந்தன. கேட்டது ஒரே ஒரு வெடி.

இரண்டும் சேர்ந்து வெடித்தால் ஒரே சத்தமாகத்தான் கேட்கும் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இல்லை, ஒன்று நமுத்துப்போய்விட்டது என்று மீதிப் பேர். புகை இரண்டு பிள்ளைகளையும் மூடிவிட்டதால் எதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எங்களுடையது என்கிறார்கள், அவர்கள் வீட்டில் அவர்களுடையது என்கிறார்கள். மறுநாள் இரண்டையும் விளக்கி வைக்க எடுத்தது நானும் வெள்ளத்தாயும்தான். ஒன்றில் மருந்து இட்டது இட்டபடி இருந்தது. எதில் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஓடைக்கு எடுத்துப் போய்த் தட்டிக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். புளி போடவில்லை.

அவ்வளவுதான். அடி பேத்தி வடிவு, எழுத்துப் பிழையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலிலிருந்து ஒரு தடவை வாசி தாயி. நாயக்கர் வீட்டில் யார் முதலில் பேசியது என்று வருகிற இடத்தை மட்டும் நல்லாச் சத்தமாக வாசி. சுவருக்கு அந்தப் பக்கம் உன் சின்ன ஆச்சி உலக்கையை நிறுத்திவிட்டுக் காதை வைத்திருக்கிறாள்.